சகலையின் வெள்ளியும் என் வெள்ளியும்

என் மனைவி தன் தங்கையின் வீட்டைப் பார்க்க ஏழு வருடம் காத்திருந்தாள். வீடு சிங்கப்பூரில் இருந்தது. நாங்கள் கோல சிலாங்கூரில் இருந்தோம். பஸ்ஸில் ஒரு நாள் பயணம். இடையில் கடல் என்று சொல்லப்போனால் ஜொகூர் பாலத்துக்குக் கீழே கிடக்கிற ஒரு கிலோமீட்டர் தண்ணீர்தான். காத்திருக்க வைத்தவன் நான். இரண்டு ஊரிலும் பணத்துக்கு வெள்ளி என்றுதான் பெயர். யாராவது காரணம் கேட்டால், சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு ஏறிவிட்டது, இறங்கட்டும், போகலாம் என்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் சகலை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவன். அதற்கு முன்னால் அவன் என்னிடம் வேலை பார்த்தவன். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. ஆபீஸ் கணக்கெல்லாம் என் கையில். அவன் ஸ்டோரில் பால் எடை பார்ப்பான். அவன் எடையைக் கூவுவான், நான் எழுதுவேன். எனக்கு மாதம் இருநூற்றுப் பத்து வெள்ளி, அவனுக்குத் தொண்ணூறு. என்னை "கிராணி ஐயா" என்று கூப்பிடுவான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் தாயில்லாமல் வளர்ந்த என் கொழுந்தியாளை அவனுக்குக் கட்டிக் கொடுத்த பிறகு "அண்ணே" என்றான். அறுபத்தாறில் இருவரும் சிங்கப்பூர் போய்விட்டார்கள். அவனுக்குத் துறைமுகத்தில் வேலை.

அன்றைக்கு இரண்டு ஊருக்கும் ஒரே நோட்டு. மறு வருடம் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனியாக நோட்டு அடித்தன. ஆனாலும் மதிப்பு ஒன்றுதான். அவன் வெள்ளியை இங்கே நீட்டினால் வாங்கினார்கள், என் வெள்ளியை அங்கே நீட்டினாலும் வாங்கினார்கள். அவன் கடிதத்தில் சம்பளத்தை எழுதுவான். நான் என் சம்பளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மாற்றிக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. எழுபத்து மூன்றில் இரண்டு வெள்ளியும் பிரிந்தபோது அவனுக்கு இருநூற்று எண்பது, எனக்கு முந்நூற்று இருபது. நாற்பது வெள்ளி நான் மேலே. அந்த நாற்பதை நான் எவ்வளவு பத்திரமாக மனத்தில் வைத்திருந்தேன் என்று இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். புருணை மட்டும் சிங்கப்பூரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. எனக்குப் புருணையின்மேல்கூடப் பொறாமைதான்.

எண்பதில் நான் ஓய்வு பெற்றேன். சேமநிதிப் பணத்தில் கோல சிலாங்கூர் டவுனுக்கு வெளியே ஒரு பலகை வீடு வாங்கினேன். மகன் ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தான். வீட்டில் நானும் அவளும்தான். அந்த வருடம் நூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி நூற்றிரண்டு. இரண்டு வெள்ளி வித்தியாசம் ஒரு வித்தியாசமா என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் நூற்றொன்பது. அந்த வருடம்தான் கொழுந்தியாளிடமிருந்து கடிதம் வந்தது. அரசாங்க அடுக்குமாடியில் சொந்த வீடு கிடைத்திருக்கிறதாம். பன்னிரண்டாவது மாடியாம். "எனக்கு அம்மா இல்லை. அக்கா, நீ வந்துதான் பால் காய்ச்ச வேண்டும்" என்று எழுதியிருந்தாள்.

புது வீட்டில் பால் காய்ச்சத் தாய்வீட்டார் பானை கொண்டு போக வேண்டும். தாய் இல்லாத இடத்தில் அக்காள்தான் தாய்வீடு. என் மனைவி கிள்ளானுக்குப் போய் ஓர் எவர்சில்வர் பானை வாங்கி வந்து, அதற்கு மஞ்சள் கட்டி, அடுப்படியில் வைத்தாள். பயணத்துக்காக நான் அஞ்சலகச் சேமிப்பில் ஐந்நூறு வெள்ளி ஒதுக்கியிருந்தேன். கணக்குப் போட்டேன். ஐந்நூறு வெள்ளி அங்கே போனால் நானூற்று ஐம்பத்தெட்டுதான்.

"நாப்பத்திரண்டு வெள்ளி சும்மா போவுது" என்றேன்.

"நாப்பத்திரண்டு வெள்ளிக்கா என் தங்கச்சி வூட்டுப் பாலு?" என்றாள்.

"எறங்கும். நேத்து வரைக்கும் ஒன்னா இருந்தது, மறுபடி ஒன்னாவாதா? அடுத்த வருசம் போவலாம்."

நாங்கள் போகவில்லை. அங்கே பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி பாலைக் காய்ச்சினாள். தீபாவளிக்கு வந்த தங்கையிடம் மனைவி அந்தப் பானையைக் கொடுத்தனுப்பினாள்.

இறங்கும் என்று நான் நம்பியது பொய்யில்லை. மாதா மாதம் கிள்ளானுக்குப் போகும்போது பணம் மாற்றுகிற கடையில் விலை கேட்பேன். கடைக்கார மாமாக், தமிழ் முஸ்லிம், தலையை நிமிர்த்தாமலே சொல்வார். நான்கு வருடம் ஒன்பது, பத்து என்று அங்கேயே நின்றது. ஏறி ஏறிக் களைத்துவிட்டது, இனி இறங்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். எண்பத்தைந்தில் நூற்றுப் பதின்மூன்று. எண்பத்தாறில் நூற்றுப் பதினெட்டு. தோட்டங்களில் வேலை குறைந்து, இங்கே எல்லாருக்கும் கஷ்டமான காலம் அது. அந்தச் சமயம் பார்த்து அவன் காசு மட்டும் ஏறுகிறது. அவன் என்ன செய்தான் அதற்கு? முன்னைவிட வேகமாக மூட்டை தூக்கினானா? தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் சம்பளம் கூடியது. நான் தூங்காமல் இருந்தும் என்னுடையது குறைந்தது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள் அவர்கள் வருவார்கள். எங்கள் வீடுதானே தாய்வீடு. அவன் வந்ததும் பாசிர் பெனாம்பாங்கில் நண்டு வாங்கப் போக வேண்டும் என்பான். எண்பத்தாறில் நானும் கூடப் போனேன். சீனர் கடையில் நாற்பது வெள்ளிக்கு நண்டும் இறாலும் வாங்கினான். சிங்கப்பூர் ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினான். கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே நம் பத்து வெள்ளியை மீதி கொடுத்தார்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்னப்பா செய்யிற? அம்பதுன்னா நம்ம வெள்ளிக்கு அம்பத்தொம்பது. ஒம்பது வெள்ளிய அவன் வாயில போட்டுட்டியே!"

"போனாப் போவுது அண்ணே. நண்டு நல்லா இருக்குல்ல?"

"கிள்ளான்ல மாத்திட்டு வந்திருக்கலாம்."

"ஒம்பது வெள்ளிக்குக் கிள்ளானா? வாங்க லா, பசிக்குது."

அந்த ஒன்பது வெள்ளி அவனுடையது. என்னுடையது இல்லை. ஆனால் அன்று இரவு எனக்கு நண்டு இறங்கவில்லை. அவனிடம் நிறைய இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாமல் இருக்கிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், ஒரு தீபாவளிச் சாப்பாட்டின்போது அவன் ஒரு வேடிக்கை சொல்லியிருந்தான்.

"அண்ணே, ஒங்க ஊரு இருவது காசும் எங்க ஊரு இருவது காசும் ஒரே அளவு தெரியுமா? எங்க பஸ்ஸு உண்டியல்ல ஒருத்தன் ஒங்க காசப் போட்டுட்டு ஏறிட்டான். டிரைவருக்குத் தெரியவே இல்ல லா!"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் "ஒங்க ஊரு" என்கிறானே என்பதுதான் முதலில் எனக்கு உறைத்தது. அவர்கள் போன பிறகு என்னிடம் இருந்த இரண்டு ஊர்க் காசுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். விளிம்பு தட்டவில்லை. ஐம்பது காசும் அப்படியே. நோட்டு பிரிந்துவிட்டது, ஆனால் சில்லறை இன்னும் பிரியவில்லை. எனக்கு ஏதோ புதையல் அகப்பட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கைக்கு வந்த இருபது காசையும் ஐம்பது காசையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். காப்பிக் கடையில் மீதி வாங்கும்போது நோட்டு வேண்டாம், சில்லறையாகக் கொடுங்கள் என்பேன். மனைவி கேட்டதற்கு, "சிங்கப்பூர் போறதுக்கு" என்றேன். அவள் டின்னையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

எண்பத்தெட்டில் கொழுந்தியாளின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆவணியில் முகூர்த்தம். சிங்கப்பூர் வெள்ளி நூற்று முப்பதில் இருந்தது. பத்திரிகையை மடித்துவிட்டு நான் வாயைத் திறந்தேன்.

"வெலயச் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "நான் பெரியம்மா. போயாவணும். நீங்க வர்றீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

முப்பத்தேழு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்றேன்.

கோலாலம்பூரில் இரவு பஸ் ஏறி, விடியும்போது ஜொகூர் பாருவில் இறங்கினோம். பணம் மாற்றுகிற கடை திறக்கும்வரை காத்திருந்து, ஐந்நூறு வெள்ளியை நீட்டினேன். வட்டியை வருடா வருடம் எடுத்து வீட்டு வரி கட்டியிருந்ததால் ஐந்நூறு ஐந்நூறாகவே இருந்தது. கடைக்காரன் முந்நூற்று எண்பது எண்ணி வைத்தான். நானும் மூன்று தடவை எண்ணினேன். நாற்பத்திரண்டு வெள்ளி போகிறதே என்று ஏழு வருடம் நின்றவனுக்கு இப்போது நூற்றிருபது போயிருந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாள். உள்ளே சிங்கப்பூர் நோட்டுகள் நாலாக மடித்து இருந்தன.

"இதயும் வச்சிக்குங்க. மாத்த வேணாம்."

"ஏது இது?"

"தீவாளிக்கு வந்துட்டுப் போறப்ப தங்கச்சி கையில குடுத்துட்டுப் போவும். இருவது இருவதா."

எண்ணினேன். இருநூற்று எண்பது. பதினான்கு தீபாவளி. அவள் அதை ஒரு தடவைகூட மாற்றவில்லை. சேலைப் பெட்டியில் கிடந்தபடியே அது வளர்ந்திருக்கிறது. கடையில் நின்றபடியே மனத்துக்குள் பெருக்கினேன். நம் வெள்ளிக்கு முந்நூற்று அறுபத்து நான்கு. பெட்டி அடியில் கிடந்த பணம் கூடியிருக்கிறது, அஞ்சலகத்தில் கிடந்த பணம் குறைந்திருக்கிறது.

"இவ்வளவு வச்சிக்கிட்டு ஏன் நீ தனியாவே போவல? எந்த வருசமும் போயிருக்கலாமே!"

"நீங்க கூட்டிட்டுப் போறன்னு சொன்னீங்கல்ல" என்றாள். குரலில் குற்றம் இல்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. இதுவரை சகலைமேல் மட்டும் இருந்தது, இப்போது பெண்டாட்டிமேலும் வந்தது. முடிச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "வேணாம். எங்கிட்ட இருக்கு" என்று துணிப்பையைத் தட்டினேன். பையில் அறுபத்து நான்கு வெள்ளி இருபது காசுச் சில்லறை இருந்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. புறப்படுமுன் நிறுத்துப் பார்த்திருந்தேன்.

பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறினோம். உண்டியலில் இருபது காசாக ஆறு போட்டேன். ஆறும் கலகலவென்று உள்ளே போயின. டிரைவர் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டும் வந்துவிட்டது. அந்த ஆறு மலேசியக் காசுக்கும் சிங்கப்பூர்க் காசின் மதிப்பு, குறையாமல் கிடைத்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுக்குமாடியின் கீழே காப்பிக் கடையில் சகலை எங்களுக்காகக் காத்திருந்தான். தலை நரைத்திருந்தாலும் தொந்தி இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"வாங்க அண்ணே! வாங்க அக்கா! ஏழு வருசமா எல போட்டு வச்சிருக்கம். மொதல்ல ஒரு காப்பி குடிங்க."

மூன்று காப்பி வந்தது. ஒன்றரை வெள்ளி. அவன் சட்டைப் பையில் கை விடுவதற்குள் நான் ஐம்பது காசு மூன்றை மேசைமேல் வைத்துவிட்டேன். காப்பிக் கடைச் சீனத்தி அவற்றைத் தொடக்கூட இல்லை. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"இனி டுயிட் மலேசியா, அங்கிள். தா போலே."

மலேசியக் காசு, செல்லாது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையைத் திறந்து வேறு காசு தேடினேன். எதைத் தேடினேன் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே காசுதானே. அவிழ்ந்த வாய் வழியாக ஒரு கை நிறையக் காசு மேசையில் கொட்டி, நான்கைந்து தரையில் உருண்டன.

சகலை குனிந்து பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டே சிரித்தான். "அண்ணே, இது அந்தக் காலத்துக் கதை லா! எம்பத்தஞ்சுலயே எங்க காசு மாறிப்போச்சு. இங்க பாருங்க." தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். சின்னதாக, புதிதாக இருந்தது. மூன்று வருடமாக அவன் வந்து போகிறான். அந்தக் காசை ஒரு நாளும் நான் கேட்டுப் பார்க்கவில்லை. "அப்ப பஸ்ஸுல?" என்றேன்.

"பழசும் புதுசும் கலந்து ஓடுது. பஸ்ஸுல யாரு பாக்கப் போறா? கடக்காரி பாத்துடுவா. பையில எவ்வளவு அண்ணே இருக்கு?"

பொய் சொல்ல வரவில்லை. "அறுவத்திநாலு இருவது. ஆறு காசு பஸ்ஸுல போட்டுட்டேன். அறுவத்திமூணு வெள்ளி."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "எங்கிட்ட குடுத்துடுங்க. தீவாளிக்கு அங்க வர்றப்ப செலவழிச்சிக்கறேன். நான் அறுவத்திமூணு சிங்கப்பூர் வெள்ளி தர்றன். ஒன்னுக்கு ஒன்னு. நமக்குள்ள என்ன அண்ணே?"

பதினைந்து வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். ஒன்றுக்கு ஒன்று. கிட்டத்தட்டப் பத்தொன்பது வெள்ளி எனக்கு லாபம். அதை அவன் பிச்சை போல நீட்டவில்லை. உள்ளன்போடுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. நண்டுக்காரருக்கு ஒன்பது வெள்ளி விட்டவன் எனக்குப் பத்தொன்பது விடுகிறான். பால் எடையைக் கூவிக்கொண்டிருந்த குரல் அது. தலை ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், தலை ஆட்டத்தான் போனேன்.

"வேணாம் தம்பி" என்றாள் என் மனைவி. "தூக்கிட்டு வந்தவரு அவரு. அவரே திருப்பித் தூக்கிட்டுப் போவட்டும்."

அவள் முடிச்சை அவிழ்த்து இருபது வெள்ளி நோட்டைச் சீனத்தியிடம் கொடுத்தாள். மீதியை எண்ணாமல் முடிச்சில் போட்டுக்கொண்டாள். சகலை என்னைப் பார்க்காமல் லிப்டைப் பார்த்து நடந்தான்.

மேலே மூன்று அறை. இரண்டு மின்விசிறி. சிமெண்டுத் தரை இல்லை, வழவழப்பான கல் பதித்திருந்தது. நான் அறைக்கு எத்தனை கல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். அக்காளும் தங்கையும் கட்டிப் பிடித்து அழுதார்கள். பிறகு என் மனைவியின் குரல் கேட்டது.

"எங்க வச்சிப் பொங்க வுட்டீங்க?"

"இங்கதான் அக்கா. இந்தப் பக்க அடுப்பு."

"பாலு இருக்கா?"

"ஏழு வருசம் கழிச்சா பால் காய்ச்சுவாங்க?" தங்கை சிரித்தாள்.

"வூடு அங்கியேதான இருக்கு? எடு."

காய்ச்சினார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. சர்க்கரை அதிகம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மொய் நூற்றொன்று எழுதினேன், சிங்கப்பூர் வெள்ளியில். நம் வெள்ளிக்கு நூற்று முப்பத்தொன்றுக்கு மேல். அந்த முப்பதுக்காக யாரும் என்னைத் தனியாகக் கவனிக்கவில்லை. பந்தலில் என் மனைவி பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த ஊர்க்காரி மாதிரியே நின்றாள்.

நான்காம் நாள் காலை நான் பெட்டியைக் கட்டினேன். அவள் பெட்டி கட்டியபாடில்லை.

"நான் இருந்துட்டு வர்றன்" என்றாள்.

"எவ்வளவு நாளு?"

அவள் எதையும் எண்ணி நான் பார்த்ததில்லை. அன்று விரலை மடக்கினாள்.

"வருசத்துக்கு ஒரு வாரம்னு வச்சிக்குங்க. ஏழு."

"இங்க தங்கறதுக்குப் பாஸ் அவ்வளவு நாளு குடுக்க மாட்டாங்க."

"தம்பி நீட்டித் தர்றன்னு சொல்லிடுச்சு."

எல்லாம் அவனே பார்த்துக்கொண்டான். வாசல்வரை வந்து, "அரிசி பெரிய டின்ல இருக்கு. கருவாட்ட வெயில்ல ஒரு தடவ எடுத்து வையுங்க" என்றாள். லிப்ட் கதவு மூடுவதற்குள் உள்ளே திரும்பிவிட்டாள். தங்கை எதற்கோ கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஜொகூரிலிருந்து பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை காலி. அதற்குக் காசு கொடுத்திருந்தேன், இருவருக்கும் சேர்த்துப் போக வரச் சீட்டு எடுத்திருந்தேனே. வீட்டுக்கு வந்து காலண்டரில் நாற்பத்தொன்பது நாளுக்குக் கோடு போட்டேன். அக்கம்பக்கத்தில், அம்மா எங்கே என்று கேட்டவர்களுக்கு, கல்யாண வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். அந்த வாரங்களில் கிள்ளானுக்குப் போகவில்லை. விலை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

ஏழு வாரம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது, கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தாள். அந்த இரண்டு நாள் எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை.